360 டிகிரி விஆர் படம்: முதல் மென்பொருளாக எதை எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: "சுற்றிலும், மேலே, கீழே என்று எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கக்கூடிய 360 டிகிரி விஆர் படங்கள் செய்து பழக ஆசை. கையில் 24 மெகாபிக்ஸல் கேமரா, அதோடு வந்த 18–55 லென்ஸ், ஒரு ட்ரைபாட், நடுத்தரமான லேப்டாப் இருக்கின்றன. எந்த மென்பொருளில் தொடங்குவது? இலவசமே போதுமா, காசு கொடுத்து வாங்கினால்தான் சரிவருமா?"

ஹ்யூகினில் தொடங்குங்கள். இலவசம், திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உங்களிடம் இருக்கும் கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் அது போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ஒன்று உண்டு, நல்ல சரக்குதான். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் நிறுத்தினால் அடுத்த வாரம் "ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்று திரும்பி வருவீர்கள். புதிதாக வருபவர்கள் மென்பொருளைத் திட்டும் நேரங்களில் பெரும்பாலும் தப்பு மென்பொருளில் இருக்காது. கேமரா நின்ற இடத்தில் இருக்கும். நானும் அப்படித் திட்டியவன்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விஆர் படம் செய்வதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. துண்டு துண்டாக எடுத்த படங்களை ஒட்டி ஒரே படமாக்குவது (ஸ்டிட்ச் செய்வது என்பார்கள்), ஒட்டிய படத்தில் ட்ரைபாட் கால் போன்ற அசிங்கங்களைத் துடைப்பது, கடைசியாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி திரையில் காட்டுவது. இணையத்தில் உலவும் "சிறந்த பத்து மென்பொருள்கள்" பட்டியல்கள் இந்த மூன்றையும் ஒரே கூடையில் கொட்டிவிடுகின்றன. ஹ்யூகினையும் கேஆர்பனோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று கேட்பது, தையல் இயந்திரம் நல்லதா அலமாரி நல்லதா என்று கேட்பது மாதிரி. ஒன்று தைக்கும், இன்னொன்று தைத்ததை அடுக்கிக் காட்டும்.

இந்த மூன்று வேலைகளுக்கும் நடுவில் கைமாறுவது ஒரே ஒரு கோப்புதான். அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உள்ள ஒரு ஜேபெக் படம். உலக வரைபடத்தில் உருண்டையைத் தட்டையாக விரித்துப் போட்டிருப்பார்கள் அல்லவா, அதே கதைதான். குறுக்கே 360 டிகிரி, நெடுக்கே 180 டிகிரி. இந்த விரிப்புக்கு ஈக்விரெக்டாங்குலர் என்று பெயர். எந்த மென்பொருளை எடுத்தாலும் இந்த 2:1 படத்தை ஒழுங்காக வெளியே தருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். தந்தால் போதும், மற்ற கட்டங்களில் யாரை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். லைட்ரூமிலும் ஃபோட்டோஷாப்பிலும் பனோரமா ஒட்டும் வசதி உண்டு, அகலமான இயற்கைக் காட்சிக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் இடது ஓரமும் வலது ஓரமும் தையல் தெரியாமல் சேர வேண்டிய முழு உருண்டைக்கு அவை பொருந்தா. ஏற்கெனவே அவற்றுக்குச் சந்தா கட்டுபவர்கள் "அதிலேயே செய்துவிடலாமே" என்று இறங்கி நேரத்தை வீணாக்குவது வழக்கம்.

எவ்வளவு பெரிய படம் தேவை? ஒரு சின்னக் கணக்கு. பார்ப்பவர் ஒரு நேரத்தில் ஏறக்குறைய 90 டிகிரி அகலத்தைத்தான் பார்க்கிறார் என்று வையுங்கள். அது 360-ல் நாலில் ஒரு பங்கு. படம் 4096 பிக்ஸல் அகலம் என்றால் அவர் கண்ணுக்குப் போவது 1024 பிக்ஸல்தான், கலங்கலாகத் தெரியும். 8192 பிக்ஸல் என்றால் 2048 கிடைக்கும். மானிட்டருக்குத் தாராளம், கண்ணில் மாட்டிப் பார்க்கும் விஆர் ஹெட்செட்டுக்கும் பரவாயில்லை. ஆகவே 8192-க்கு 4096 என்பதை ஆரம்ப அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்றால், உங்கள் 18 மி.மீ. லென்ஸில் எடுத்த படங்களை ஒட்டும்போது ஹ்யூகின் தானாகக் கணக்குப் போட்டு ஏறக்குறைய 28,000-க்கு 14,000 பிக்ஸல் என்று ஓர் அளவை முன்வைக்கும். 400 மெகாபிக்ஸலுக்குப் பக்கம். அப்படியே சரி என்று கொடுத்துவிட்டால் லேப்டாப்பின் விசிறி அலறும், மணிக்கணக்கில் ஓடும், வட்டு நிறைந்து நின்றாலும் நிற்கும். மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று புகார் சொல்பவர்களில் பலர் இந்த ஓர் எண்ணைத் தொடாதவர்கள்தான்.

சரி, இனி அந்தக் கேமரா நின்ற இடம்.

ஒரு விரலைக் கண்ணுக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் பின்னால் உள்ள சுவர்மேல் இங்கும் அங்கும் தாவும். பள்ளிப் புத்தகத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்திருப்போம்; இந்தத் துறையில் எல்லோரும் பாரலாக்ஸ் என்கிறார்கள். சாதாரண ட்ரைபாடில் கேமராவைத் திருகித் திருப்பினால் சுழல்வது கேமராவின் அடிப்பகுதியை மையமாக வைத்து. லென்ஸ் அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, எனவே ஒவ்வொரு படத்துக்கும் அது சில சென்டிமீட்டர் இடம் மாறுகிறது. தூரத்து மலைக்கு அது ஒன்றுமில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் நாற்காலிக்கு அதுவே பேரிடி.

என் முதல் உட்புறப் படம் இன்னும் வைத்திருக்கிறேன். சன்னல் கம்பிகள் எட்டு. அதில் ஐந்தாவது கம்பி பாதியில் வெட்டுப்பட்டு, ஒரு விரல் அகலம் தள்ளிப்போய், அங்கிருந்து கீழே இறங்குகிறது. கம்பிக்குப் பின்னால் இருந்த மரம் கச்சிதமாக ஒட்டியிருந்தது. மரத்தைச் சரியாக ஒட்டினால் கம்பி உடையும், கம்பியை ஒட்டினால் மரம் உடையும். இரண்டையும் சேர்த்து ஒட்ட உலகத்தில் எந்த மென்பொருளாலும் முடியாது, ஏனென்றால் இரண்டு படங்களும் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தவை. இது புரிய எனக்கு ஒரு மாதமும் மூன்று மென்பொருள்களும் ஆயின.

தீர்வு, லென்ஸுக்குள் இருக்கும் ஒரு புள்ளியை மையமாக வைத்துச் சுழற்றுவது. நோடல் பாயிண்ட் என்று பலர் தப்பாகச் சொல்வார்கள். உண்மையில் அது லென்ஸின் நுழைவுத் துளை இருக்கும் இடம். கண்டுபிடிப்பது எளிது. அருகில் ஒரு கம்பு, தூரத்தில் ஒரு கட்டட விளிம்பு, இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி நில்லுங்கள். கேமராவை இடமும் வலமும் திருப்பும்போது கம்பு விளிம்பைவிட்டு விலகினால் கேமராவை முன்னேயோ பின்னேயோ நகர்த்துங்கள். விலகாத இடம் வந்ததும் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். இதற்காகவே பனோரமா ஹெட் என்ற சாதனம் இருக்கிறது. மென்பொருளுக்கென்று எடுத்து வைத்த காசு இருந்தால் முதலில் அதற்குப் போடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுவும் வேண்டாம் என்றால், லென்ஸில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிட்டு, அது தரையில் ஒரே புள்ளிக்கு மேலேயே நிற்கும்படி நீங்கள் கேமராவைச் சுற்றி நடந்து எடுக்கலாம். கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும். வெட்டவெளியில் நன்றாகவே வேலை செய்யும்.

எத்தனை படம் வேண்டும் என்றும் கேட்பீர்கள். உங்கள் கேமராவின் சென்சார் ஏபிஎஸ்-சி அளவு என்று எடுத்துக்கொண்டால், நெட்டுவாக்கில் பிடித்த 18 மி.மீ. லென்ஸ் அகலத்தில் 47 டிகிரியும் உயரத்தில் 66 டிகிரியும் பார்க்கும். பக்கத்துப் படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். எனவே நடு வரிசையில் 30 டிகிரிக்கு ஒன்றாக 12, கேமராவை 45 டிகிரி மேலே தூக்கி ஒரு 8, கீழே சாய்த்து ஒரு 8, உச்சிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. மொத்தம் 30. இதே வேலையை, மிக அகலமாகப் பார்க்கும் 8 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸ் 8 படத்தில் முடித்துவிடும். ஃபிஷ்ஐ வைத்திருப்பவர்கள் ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்திருக்கும். எல்லாப் படத்துக்கும் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வானம் பட்டை பட்டையாக வரும்.

இனி ஹ்யூகின். திறந்ததும் எளிய இடைமுகம்தான் வரும், ஆரம்பத்தில் அதை மாற்ற வேண்டியதில்லை. பெரிய பொத்தான்கள் மூன்று: படங்களை ஏற்று, பொருத்து, பனோரமாவை உருவாக்கு. முதல் பொத்தானில் 30 படங்களையும் கொடுங்கள். லென்ஸ் விவரம் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தால் அது கேள்வி கேட்காது. பழைய மேனுவல் லென்ஸ் என்றால் குவிய தூரத்தையும் லென்ஸ் வகையையும் கேட்கும். ஃபிஷ்ஐயைச் சாதாரண லென்ஸ் என்று சொல்லிவிட்டால் வருவது பிசைந்த மாவு போல இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு ஜோடிப் படத்திலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளைத் தேடி இணைக்கும். இவைதான் கண்ட்ரோல் பாயிண்ட்கள். முடிந்ததும் ஒரு வரி வரும்: சராசரிப் பிழை இத்தனை பிக்ஸல், அதிகபட்சம் இத்தனை. பக்கத்திலேயே 'வெரி குட் ஃபிட்', 'குட் ஃபிட்', 'பேட் ஃபிட்' என்று மதிப்பெண்ணும் போடும். அந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்று இரண்டு பிக்ஸல் என்றால் கவலை இல்லை. என் சன்னல் கம்பிப் படத்தில் அது ஒன்பதைத் தாண்டியிருந்தது. அப்போது அந்த எண் என்ன சொல்கிறது என்றே எனக்குத் தெரியாது. முன்னோட்டம் அழகாக இருக்கிறதே என்று மூன்றாவது பொத்தானை அழுத்திவிட்டேன்.

பிழை பெரிதாக இருந்தால் கண்ட்ரோல் பாயிண்ட் பட்டியலைத் திறந்து, தூரம் அதிகமாகக் காட்டும் வரிகளைப் பாருங்கள். மேகத்திலும் அசையும் இலையிலும் நடந்துபோகும் ஆட்களிலும் புள்ளி வைத்திருக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுபடி கணக்கிடச் சொன்னால் எண் சட்டென்று இறங்கும். அழிக்க அழிக்க இறங்காமல், நல்ல புள்ளிகளே பெரிய பிழை காட்டினால் அது பாரலாக்ஸ். கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பப் போக வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு இடத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, மேகமே இல்லாத வானமும் வெள்ளைச் சுவரும். பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லாததால் அந்தப் படம் மட்டும் அனாதையாக எங்கேயாவது தொங்கும். அதற்காகத்தான் மேல்வரிசைப் படங்களில் ஒரு கட்டட விளிம்போ மரக்கிளையோ வரும்படி எடுப்பது. மற்றொன்று, அடிவானம் அலை அலையாக வளைவது. ஒரு கதவின் செங்குத்தான விளிம்பை எடுத்து, கண்ட்ரோல் பாயிண்ட் வைக்கும் பகுதியில் ஒரே படத்தை இடது, வலது இரண்டு பக்கமும் திறந்து, மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைத்து, இது செங்குத்துக் கோடு என்று சொல்லுங்கள். இப்படி நாலு திசையில் நாலு கோடு கொடுத்தால் உலகம் நேராக நிற்கும். ஹெட்செட்டில் பார்ப்பவருக்குச் சாய்ந்த அடிவானம் தலைசுற்றலைத் தரும் என்பதால் இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஏற்றுமதிக்கு முன் விரிப்பு வகை ஈக்விரெக்டாங்குலர், பார்வைக் கோணம் 360-க்கு 180, அகலம் 8192. மூன்றையும் சரிபார்த்துவிட்டு உருவாக்குங்கள்.

இப்போது அந்தச் சோதனை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் என்றேனே, அது பிடிகுய். இதற்கும் ஹ்யூகினுக்கும் வேர் ஒன்றுதான். ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் 1998-ல் வெளியிட்ட பனோரமா டூல்ஸ் என்ற கருவித் தொகுப்புக்கு முகப்பாகத்தான் இரண்டுமே தொடங்கின. பிடிகுய்யின் சோதனைப் பதிப்பு இலவசம். வெளிவரும் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும், அவ்வளவுதான். ஹ்யூகினில் சொதப்பிய அதே படங்களை அப்படியே இதில் போடுங்கள். இரண்டும் ஒரே கம்பியில் உடைந்தால் தப்பு உங்கள் படத்தில், எதையும் வாங்காதீர்கள். பிடிகுய் ஒழுங்காக ஒட்டி, ஹ்யூகின் மட்டும் திணறினால் அப்போது வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. புள்ளி தேடுவதில் அது வேகமானது, முன்னோட்டத்தை அங்கேயே பிடித்து இழுத்துத் திருத்துவது சுகமாக இருக்கும். மேல்நிலைப் பதிப்பில், கையில் பிடித்துத் தனியாக எடுத்த தரைப் படத்தை வேறு கோணத்திலிருந்து சரிசெய்து பொருத்தும் வசதியும் உண்டு. தினமும் நாலைந்து இடங்களைப் படமெடுத்துக் கொடுக்கும் தொழில்காரருக்கு அது மிச்சப்படுத்தும் நேரமே விலையைத் திருப்பித் தந்துவிடும். மாதம் இரண்டு படம் செய்பவருக்கு அவசியமில்லை.

பழைய பரிந்துரைகளை நம்பி அலையாதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை. மைக்ரோசாஃப்டின் இமேஜ் காம்போசிட் எடிட்டர் ஒரு காலத்தில் நானே எல்லோருக்கும் சொன்னது. இப்போது அதிகாரப்பூர்வமாகக் கிடைப்பதில்லை. ஆட்டோபனோ என்ற ஒட்டும் மென்பொருளைச் செய்த கோலோர் நிறுவனத்தை, கேமரா நிறுவனமான கோப்ரோ 2015-ல் வாங்கி, 2018-ல் மூடிவிட்டது. ஃபோனிலேயே உருண்டைப் படம் எடுக்க உதவிய கூகுள் ஸ்ட்ரீட் வியூ செயலியும் 2023-ல் நின்றுபோனது. இவற்றை யாரோ நடத்தும் ஏதாவது வலைத்தளத்தில் தேடி இறக்கி, கூடவே வைரஸையும் இறக்கிக்கொள்ள வேண்டாம்.

ரிக்கோ தீட்டா, இன்ஸ்டா360 போல முன்னும் பின்னும் லென்ஸ் உள்ள 360 கேமரா கையில் இருந்தால் மேலே சொன்னதில் பெரும்பகுதி தேவையே இல்லை. அந்தந்தக் கேமராவின் சொந்த மென்பொருளே ஒட்டித் தந்துவிடும். வேறு ஒன்றைத் தேடுவதில் பயன் இல்லை. தரம் கொஞ்சம் குறையும். லென்ஸ்களுக்கு நடுவில் தையல் விழும் பக்கத்தில் யாரும் நெருங்கி நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

திருத்தும் வேலைக்கு ஜிம்ப். ட்ரைபாடை ஈக்விரெக்டாங்குலர் படத்தில் நேரடியாக அழிக்க முடியாது, ஏனென்றால் தரை முழுக்கக் கீழ் ஓரத்தில் நீளவாக்கில் இழுபட்டுக் கிடக்கும். ஜிம்பில் பனோரமா ப்ரொஜெக்‌ஷன் என்றொரு ஃபில்டர் இருக்கிறது. அதில் பார்வையைக் கீழே 90 டிகிரி திருப்பினால் தரை சாதாரணப் படம் போல் தெரியும். அங்கே குளோன் செய்து அழித்துவிட்டு, அதே ஃபில்டரைத் தலைகீழாகப் போட்டு, வந்த துண்டை மூலப் படத்தின் மேல் ஒரு லேயராக வைத்தால் வேலை முடிந்தது. கையில் அஃபினிட்டி ஃபோட்டோ இருந்தால் இது இன்னும் சுலபம், திருப்பிக்கொண்டே வரையலாம். சிலர் அலுத்துப்போய் ட்ரைபாடுக்கு மேல் ஒரு வட்ட லோகோவை ஒட்டிவிடுவார்கள். அதுவும் தப்பில்லை.

காட்டுவதற்கு, ஒரே படம் என்றால் பானெலம். சின்னதான, திறமூல நிரல். ஒரு வலைப்பக்கத்தில் நாலு வரி எழுதினால் படம் சுற்றும். எல்லோரும் இடறும் கல் ஒன்று இதில் உண்டு: அந்த வலைப்பக்கக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் படம் வராது, பிழைச் செய்திதான் வரும். கணினியிலிருந்து நேரடியாகத் திறக்கும் வலைப்பக்கத்துக்கு, கூடவே இருக்கும் படக் கோப்பைப் படிக்க உலாவி அனுமதிப்பதில்லை. பைத்தானோடு வரும் சின்ன சர்வரை ஓட்டியோ, ஒரு வலைத்தளத்தில் ஏற்றியோ பாருங்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தாவும் சுற்றுலா வேண்டும் என்றால் மார்சிபானோ கருவி உலாவியிலேயே ஓடும். படங்களை இழுத்துப் போட்டு, கதவுகளில் இணைப்புப் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பனோ2விஆரும் கேஆர்பனோவும் இதைவிடப் பல மடங்கு வல்லமை உள்ளவை, காசும் கேட்பவை; வாடிக்கையாளர் வரும்போது யோசிக்கலாம்.

சமூக ஊடகத்தில் ஏற்றியபின் படம் சுற்றாமல் நீளமான பட்டையாகக் கிடந்தால் பயப்படாதீர்கள். இது விஆர் படம் என்று சொல்லும் ஒரு சின்னக் குறிப்பு கோப்புக்குள் பதிந்திருக்க வேண்டும். திருத்திச் சேமிக்கும்போது அது சில நேரம் உதிர்ந்துவிடும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் ப்ரொஜெக்‌ஷன் டைப் என்ற இடத்தில் ஈக்விரெக்டாங்குலர் என்று மறுபடி எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

ஹெட்செட்டில் பார்க்க எனக்குப் பிடித்த வழி ஏ-ஃப்ரேம், வலைப்பக்கத்தில் விஆர் காட்சி அமைக்கும் நிரல். வலைப்பக்கத்தில் a-sky என்ற வானக் குறிச்சொல்லில் உங்கள் படத்தைக் கொடுத்தால் ஹெட்செட்டின் உலாவியில் நீங்கள் அந்த உருண்டைக்குள் நிற்பீர்கள். பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விஆர் பொத்தான் வேலை செய்யாது. அப்புறம், உள்ளே போனதும் எல்லாம் ஒரு பெரிய கோளத்தின் உட்சுவரில் ஒட்டிய படம் போல ஆழமில்லாமல் தெரிந்தால் எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் போகிறது, அதனால்தான். ஆழம் தெரிய இரண்டு கண்ணுக்கும் தனித்தனி உருண்டை எடுக்க வேண்டும். அது வேறு கேமரா, வேறு மென்பொருள், வேறு தலைவலி. முதல் பத்து படங்கள் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.